கொசுவுக்குத் திருஷ்டி சுற்றிய ஊர்

எனக்கு வாய்த்த வெளிநாடு திருவண்ணாமலை. என் சிநேகிதர்களில் ஒருத்தன் சிங்கப்பூர் போனான், ஒருத்தன் பினாங்கு போனான், இன்னொருத்தன் லண்டன் வரைக்கும் போய் ஒரு குடையோடு திரும்பிவந்து, அதை வெயிலில்கூட மடக்காமல் திரிந்தான். என்னை மட்டும் ஆபீசர் கூப்பிட்டு, "திருவண்ணாமலைக்குப் போய்க் கொசு பிடி" என்றார். தலையெழுத்து, வேறென்ன? சைதாப்பேட்டைப் பாலத்தைத் தாண்டினாலே எனக்கு அயல்நாடுதான் என்பதால் நானும் மூட்டை கட்டினேன்.

என் உத்தியோகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மதராஸில் கொசு ஆராய்ச்சி செய்யும் ஆபீஸ் ஒன்றில் பூச்சி பிடிப்பவன் நான். பெண் பார்க்கப் போன இடத்தில் என் மாமா, "மாப்பிள்ளை சுகாதார இலாகாவில் இருக்கிறார்" என்று சொல்லிக் காரியத்தை முடித்துவிட்டார். தாலி கட்டிய பிறகுதான் என் மனைவிக்கு விஷயம் தெரிந்தது. இன்றுவரை அவளுக்குச் சமாதானம் ஆகவில்லை.

அறுபதுகளின் நடுவே, அரிசிக்கு ஊரே வரிசையில் நின்ற காலம் அது. கார்த்திகை மாதம், தீபத் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள கிராமங்களில் போய்விட்டது என்று நினைத்த மலேரியாக் காய்ச்சல் திரும்பி வந்திருந்தது. பல வருஷங்களாக வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. அடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அந்தச் சுவரில் உட்கார்ந்த கொசு சாக வேண்டும். சாகவில்லை. மருந்து கெட்டதா, மருந்தடித்த ஆள் கெட்டவனா என்பது கேள்வி. "கொசுவையே கேட்டுவிட்டு வா" என்றார் ஆபீசர்.

கொசுவைக் கேட்பதற்கு வழி இருக்கிறது. உயிரோடு பிடித்த கொசுக்களில் பாதியை மருந்து தோய்ந்த காகிதம் சுற்றிய குழாயிலும், மீதியைச் சும்மா காகிதம் சுற்றிய குழாயிலும் ஒரு மணி நேரம் அடைக்க வேண்டும். பிறகு வெளியே எடுத்து ஒரு நாள் வைத்திருந்து பார்க்க வேண்டும். மருந்துக் காகிதத்துக் கொசு செத்தால் மருந்து நல்ல மருந்து. சாகாவிட்டால் கொசு மருந்தை ஜெயித்துவிட்டது. அவ்வளவுதான் விஞ்ஞானம்.

இந்தச் சாமான்களையெல்லாம் ஒரு மரப்பெட்டியில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். பக்கத்தில் தீபம் பார்க்கப் போகும் ஆந்திர தம்பதி. எனக்குத் தெலுங்கு புரியும் என்று அவர்களுக்குத் தெரியாது. "அதற்குள்ளே பாம்பு இருக்கிறது, அவன் கை நடுங்குவதைப் பார்" என்றார் கணவர். கை நடுங்கவில்லை, பஸ் நடுங்கியது. பெட்டியைத் திறந்து ஒரு கண்ணாடிக் குழாய் உடைந்துவிட்டதா என்று பார்த்தேன். "பாம்பு இல்லை, கண்ணாடியும் ரப்பர் குழாயும் இருக்கிறது, பல் டாக்டர்" என்றாள் மனைவி. செஞ்சி தாண்டுவதற்குள் அந்த அம்மாள் என் பக்கம் திரும்பி வாயைத் திறந்து ஒரு கடைவாய்ப் பல்லைக் காட்டினாள். எனக்கும் வேறு வழி தெரியவில்லை. உற்றுப் பார்த்துவிட்டுக் கிராம்பு எண்ணெய் வைக்கச் சொன்னேன்.

கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் லாட்ஜ். மேனேஜர் நெற்றி கொள்ளாமல் விபூதி பூசியிருந்தார். பெட்டியிலிருந்து எட்டிப் பார்த்த துணிக் கூண்டைக் காட்டி அது எதற்கு என்று கேட்டார்.

"நாளைக்குக் கொசு பிடித்துவந்து இதில்தான் வைக்கப் போகிறேன்" என்றேன்.

"இன்னா சார் இது! கொசு ஜாஸ்தின்னு வர்றவங்க எல்லாம் என்கிட்ட சண்ட போட்றாங்க. நீங்க வெளியிலேர்ந்து வேற கொண்டாறீங்களா?"

சர்க்கார் காரியம் என்று சொன்னதும் மாடியில் மூலை அறை கிடைத்தது. ஊரே நிரம்பி வழிந்த சமயத்தில் அது பெரிய விஷயம். சாப்பாடுதான் கைவிட்டுவிட்டது. இலையில் ஒரு கரண்டி சோறு போட்டுவிட்டு, கேட்டால் கோதுமை உப்புமா என்றார்கள். காபி என்று ஒன்று கொடுத்தார்கள். மதராஸில் அந்தத் தண்ணீரில் டம்ளர் கழுவுவோம்.

நான் கை கழுவிக்கொண்டிருக்கும்போது கன்னியப்பன் வந்தார். இவர்தான் மருந்தடிக்கும் ஆட்களின் சூப்பர்வைசர். நாற்பது வயசு இருக்கும், காக்கிச் சட்டை, சட்டையில் மருந்து வாடை. வணக்கம் சொன்ன கையை அவர் கீழே இறக்கவே இல்லை.

"சார், நான் மருந்த மல்லாட்டக் கொல்லைக்கு வித்துட்டு, செவுத்துல வெறுந் தண்ணி அடிச்சேன்னு ஹெல்த் ஆபீசரு சொல்றாரு. அண்ணாமலையாரு மேல சத்தியமா இல்ல சார். கொசு சாவறதில்லன்னு நான் போன வருசமே சொன்னேன். அதுக்கு அவரு இன்னா சொன்னாரு தெரியுமா? அமெரிக்காகாரன் மருந்து பொய் சொல்லாதாம், கன்னியப்பன்தான் பொய் சொல்வானாம்."

கொல்லை என்றால் வயல், மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. அந்த ஊரில் கடவுளுக்கு அடுத்தபடி அதுதான்.

"நான் என்ன செய்யணும்?" என்றேன்.

"நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். உங்க கொயாய்ல கொசு செத்துதுன்னா மருந்து நல்ல மருந்து, நான் திருடன், வேலை போயிடும். சாவலன்னா நான் பொழைச்சேன். அவ்ளோதானே சார்?"

"அவ்வளவுதான்."

"இத்தினி வருசமா கொசு சாவணும்னு அலஞ்சேன். இப்ப சாவக் கூடாதுன்னு வேண்டிக்கினு இருக்கேன். பாத்தீங்களா என் பொழப்ப!"

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. வீட்டில் கல்யாணத்துக்கு ஒரு பெண் இருக்கிறாள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் விடியலில் இரண்டு சைக்கிளில் அடி அண்ணாமலைக்குக் கிளம்பினோம். கிரிவலப் பாதையில் மலைக்குப் பின்பக்கம் இருக்கிறது அந்தக் கிராமம். வடக்குப் பக்கமாகப் போனால் கிட்டம் என்று லாட்ஜில் சொல்லியிருந்தார்கள். நான் அந்தப் பக்கம் திருப்பினேன். கன்னியப்பன் என் சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

"மலைய வலமாத்தான் சுத்தணும் சார். எதிர்ப்பக்கமாப் போனா ஆவாது."

"நாம் சாமி கும்பிடவா போகிறோம்? கொசு பிடிக்கப் போகிறோம்."

"மத்த நாள்ல நானும் இப்படித்தான் போவேன். இந்த வாரம் வேணாம் சார். என் வேலை அந்தரத்துல தொங்குது."

ஆக, அண்ணாமலையாரை வலப்பக்கம் வைத்துக்கொண்டு தெற்கே போய், மேற்கே திரும்பி, ஊரையே சுற்றிக்கொண்டு போனோம். வழியில் என் பின்சக்கரம் பஞ்சர். எதிரே வந்த சாமியார் ஒருத்தர், நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பதைப் பார்த்து, "பக்தின்னா இதுதான்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். நான் சொல்ல நினைத்ததை இங்கே எழுத முடியாது.

கன்னியப்பன் என்னை அழைத்துப்போனது பச்சையம்மா வீட்டு மாட்டுக் கொட்டகைக்கு. பச்சையம்மாவுக்கு என் மனைவி வயசுதான் இருக்கும். முழங்கை வரைக்கும் சாணியோடு சுவரை மெழுகிக்கொண்டிருந்தாள். மருந்து அடித்த சுவர்! நான் கன்னியப்பனைப் பார்த்தேன்.

"அதான் சார்! நாங்க இந்தத் தெருவுல அடிச்சிட்டு அடுத்த தெருவு போறதுக்குள்ள மெழுகிட்றாங்க."

"தீபம் வருது, மெழுகாம இருப்பாங்களா?" என்றாள் பச்சையம்மா. "உங்க மருந்தால செவுரு பூரா வெள்ள வெள்ளையா பூசணம் பூத்தாப்பல ஆயிடுது. அதும் இல்லாம, நீங்க மருந்து அடிச்ச பொறவுதான் எங்க ஊட்ல மூட்டப்பூச்சி ஜாஸ்தி ஆச்சி. கொசு கம்மி ஆவல."

அப்படியானால் குற்றவாளிகள் மூன்று பேர்: கன்னியப்பன், சாணி, கொசு. சாணியை வேலையை விட்டு நீக்க முடியாது என்பதால் ஹெல்த் ஆபீசர் கன்னியப்பனைப் பிடித்திருக்கிறார். சுவரை நம்பாமல் என் காகிதத்தை நம்புவதுதான் வழி என்று நினைத்துக்கொண்டேன்.

டார்ச்சை அடித்தேன். எங்கள் கூவக்கரைக் கொசு சுவரில் உட்கார்ந்தால் முதுகை மடக்கிக் கூனிக்கொண்டு உட்காரும். மலேரியாக் கொசு தலையைக் கீழே குத்திப் பின்பக்கத்தை மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். அப்படி ஒரு திமிர். கூரை ஓலையின் உள்பக்கம், தீவனத் தொட்டிக்குப் பின்னால், தொங்கவிட்ட கயிற்றில் என்று எங்கே பார்த்தாலும் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றன. மாட்டு ரத்தம் குடித்து வயிறு சிவந்திருந்தது. ரப்பர் குழாயின் ஒரு முனையை வாயில் வைத்து, மறுமுனையில் உள்ள கண்ணாடியைக் கொசுவுக்குக் கிட்டே கொண்டுபோய் ஒரு உறிஞ்சு உறிஞ்சினால் கொசு குழாய்க்குள் வந்துவிடும். வாய்க்குள் போகாமல் நடுவில் வலைத்துணி இருக்கிறது. இதை நான் ஒவ்வொரு ஊரிலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பச்சையம்மா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். "அய்ய! இத்தக் கொண்டுபோயி இன்னா பண்ணுவீங்க?"

"மருந்து வைத்துச் சாகிறதா என்று பார்ப்போம்."

"செத்தா சொல்லுங்க. என் ஊட்டுக்காரரு படுத்துக்கினு இருக்காரு. மாத்திர துன்னா போவுது, பத்து நாள் எந்திரிச்சி நடக்கறாரு, மறுபடியும் குளுருது. மல்லாட்ட பாதி கொல்லையிலயே கெடக்குது. மழ வந்தா மொளச்சிடும். நான் ஒருத்தியே இன்னா பண்ணுவேன்?"

உள்ளே கயிற்றுக் கட்டிலில் ஏழுமலை, அவள் புருஷன், சாக்கும் கம்பளியும் போர்த்திக்கொண்டு கிடந்தார். தெம்பில்லாத குரலில், "சாருக்கு மல்லாட்ட குடு" என்றார். வெந்த கடலையை முறத்தோடு கொண்டுவந்து வைத்தாள். அந்தப் பயணத்தில் நான் வயிறாரச் சாப்பிட்டது அதுதான். செத்தால் வந்து சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

கூண்டின் மேல் ஈரத் துண்டைப் போட்டு, திரும்பும்போதும் வலமாகவே வந்து ஊர் சேர்ந்தோம். "கொசுங்க முழு கிரிவலம் முடிச்சிடுச்சி சார்" என்று கன்னியப்பன் திருப்திப்பட்டார்.

பரீட்சையை முடித்துக் கொசுக்களைக் கூண்டுகளுக்கு மாற்றினேன். எறும்பு ஏறாமல் இருக்க மேஜைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தேன். பசிக்கு உலர்ந்த திராட்சையை ஊறவைத்துக் கூண்டின் மேல் வைத்தேன். லாட்ஜ் மேனேஜர் வந்து பார்த்துவிட்டு, "அரிசி இல்லாத காலத்துல கொசுவுக்குத் திராட்சையா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு கூண்டுக்குக் கிட்டே குனிந்தார். மருந்துக் காகிதத்திலிருந்து வந்த கொசுக்கள் முக்கால்வாசி தெம்பாகத்தான் நின்றன.

"அடேங்கப்பா, என்னமா இருக்குது ஒவ்வொண்ணும்! கொழுகொழுன்னு!"

கன்னியப்பன் முகம் இருண்டது. அப்போது எனக்கு அதன் காரணம் புரியவில்லை.

சாயங்காலம் என்னைப் பெரிய கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனார். கூட்டம் நெருக்கித் தள்ளியது. அர்ச்சனைத் தட்டை நீட்டினார். குருக்கள், "யார் பேருக்கு?" என்று கேட்டார்.

"கொசு பேருக்கு, சாமி."

"யார் பேருக்குன்னேன்?"

"கொசுங்க, சாமி. லாட்ஜுல கூண்டுல இருக்குது. நாளைக்குக் காலைல வரிக்கும் உசுரோட இருக்கணும்."

குருக்கள் என்னைப் பார்த்தார். நான் தீபத்தைப் பார்த்தேன்.

"நட்சத்திரம்?"

"கார்த்திகை."

"ராசி?"

"கடிக்கிறது எல்லாம் பொட்டைங்கதான் சாமி. கன்னி ராசின்னு வச்சிக்கோங்க."

"கார்த்திகை நட்சத்திரத்துக்குக் கன்னி ராசி எப்படிய்யா வரும்?" என்று குருக்கள் கோபித்துக்கொண்டார். கொசுவில் அவருக்கு ஆட்சேபணையே இல்லை, ஜாதகத்தில்தான் ஆட்சேபணை. "சுவாமி பேருக்கே பண்ணிடறேன். யாருக்குப் போகணும்னு அவருக்குத் தெரியும்" என்று முடித்துவிட்டார். மதராஸில் இந்தப் பேச்சுக்கு நம்மைப் போலீசில் கொடுத்திருப்பார்கள். இங்கே விபூதி கொடுத்தார்கள்.

கன்னியப்பனைக் கூண்டுக்குக் காவல் வைத்துவிட்டு நான் ஓட்டலுக்குப் போனேன். உப்புமாவில் பாதிகூட இறங்கவில்லை, தெருவில் கசமுசா என்று சத்தம். லாட்ஜில் இருந்தவர்கள் எல்லோரும் தெருவில் நின்று இருமிக்கொண்டிருந்தார்கள். மேனேஜருக்குக் கண்ணும் மூக்கும் ஒன்றாக ஒழுகியது. பஸ்ஸில் வந்த ஆந்திர அம்மாளும் அங்கே நின்றாள். என்னைப் பார்த்ததும் புருஷனிடம், "இந்தப் பல் டாக்டர் என்ன மருந்து காய்ச்சுகிறாரோ!" என்றாள்.

மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடினேன். அறை முழுக்கப் புகை. நடுவில் கன்னியப்பன், கையில் கரித் தணல் போட்ட சட்டி, அதில் ஒரு குத்துக் காய்ந்த மிளகாயும் கல்லுப்பும் வெடித்துக்கொண்டிருந்தன.

"யோவ்! என்னய்யா பண்றீங்க?"

"மேனேஜரு கண்ணு வச்சிட்டாரு சார். கொழுகொழுன்னு சொன்னாரே, கேட்டீங்க இல்ல? அதான் திருஷ்டி சுத்திப் போட்டேன்." இருமிக்கொண்டே சொன்னார். "திருஷ்டி இருந்தா நெடி வராது. இன்னா நெடி பாத்தீங்களா! திருஷ்டியே இல்ல சார்!"

திருஷ்டி இல்லை. கொசுவும் இல்லை. இரண்டு கூண்டிலும் எல்லாம் அடியில் விழுந்து கிடந்தன. மருந்தைத் தொட்டதும் செத்திருந்தது, தொடாததும் செத்திருந்தது. வருஷக்கணக்காக அமெரிக்க மருந்தால் செய்ய முடியாததைக் கன்னியப்பன் ஒரு குத்து மிளகாயில் செய்துவிட்டார். கூண்டை எட்டிப் பார்த்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது. சட்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே சுவரோரம் உட்கார்ந்தார். மிளகாயில் வந்த கண்ணீர் எது, மற்றது எது என்று எனக்குத் தெரியவில்லை.

காலையில் ஹெல்த் ஆபீசர் ஜீப்பில் வந்தார். கூண்டைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நான்தான் சொன்னேனே! மருந்து பிரமாதமா வேலை செய்யுது. கன்னியப்பா, நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்."

"சார், கொஞ்சம் பொறுங்க" என்றேன். "மருந்தே படாத கொசுவும் செத்திருக்கு. அது செத்தால் இந்தப் பரீட்சை செல்லாது."

"அதெப்படிச் சாகும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாடிப்படியிலிருந்து மேனேஜர் சொல்லிவிட்டார். "மொளகாப் பொகை சார்! என் ஜன்மத்துக்கும் மறக்க மாட்டேன்!"

ஆபீசர் முகம் சிவந்தது. "ஓஹோ, பரீட்சையையே கெடுத்தாச்சா? இது ஒண்ணு போதுமே!"

கன்னியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"சார், கொசு உயிரோட இருந்தால்தான் இவருக்கு வேலை. செத்தால் போச்சு. தன் வேலைக்குத் தானே யாராவது கொள்ளி வைப்பாங்களா? கொசு நல்லா இருக்கணும்னு திருஷ்டி சுத்தியிருக்கார், அவ்வளவுதான். இன்னொரு தடவை பிடிச்சுட்டு வரேன். அதில் செத்தால் நீங்க சொன்னதுதான்."

ஆபீசர் மீசையைத் தடவினார். சரி என்றார். ஆனால் கன்னியப்பன் அந்த அறை வாசற்படியை மிதிக்கக் கூடாது என்றார். லாட்ஜில் அடுப்பு தவிர எதுவும் புகையக் கூடாது என்று மேனேஜருக்கும் உத்தரவு போட்டார். மேனேஜர் பீடியைக் காதில் செருகிக்கொண்டார்.

அடுத்த விடியலில் மறுபடியும் வலமாகச் சுற்றிப் பச்சையம்மா வீட்டுக்குப் போனோம். என்னைக் கண்டதும் வாசலுக்கு வந்தாள்.

"செத்துதா?"

"செத்துச்சி," என்றார் கன்னியப்பன், "ஆனா தப்பா செத்துடுச்சி."

"செத்துப்போனதுல இன்னா தப்பு?"

மிளகாய்க் கதையை அவர் சொன்னார். நானும் நடுநடுவே சேர்த்துச் சொன்னேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கட்டிலில் கிடந்த ஏழுமலையும் சிரித்து, சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அன்று அவருக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. இன்னொரு தரம் பிடித்துப் பார்க்கிறோம், என்ன ஆனாலும் வந்து சொல்கிறோம் என்று விடைபெற்றேன்.

இந்தத் தடவை நான் கூண்டைவிட்டு அசையவில்லை. சாப்பாட்டை மேலே வரவழைத்துக்கொண்டேன். கன்னியப்பன் எதிர் டீக்கடையில் உட்கார்ந்து என் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் எழுந்து நின்று, கையால் என்ன என்று கேட்டார். நான் கட்டை விரலைக் காட்டினேன். மேனேஜர் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு வந்து, "நான் பாக்கல சார், கேக்கறேன், எப்டி இருக்குது?" என்று விசாரித்துவிட்டுப் போனார். யாரோ ஒரு யாத்திரிகர் கூண்டுக்கு ஒரு செவ்வந்திப்பூ அனுப்பினார். கொசுவுக்கு இத்தனை மரியாதை நடந்து நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை.

காலையில் ஹெல்த் ஆபீசருக்கு முன்னால் துண்டை எடுத்தேன். மருந்து படாதவை எல்லாம் சுகம். மருந்துக் காகிதத்தில் அடைபட்டவற்றில் ஒரு சில விழுந்திருந்தன. மற்றதெல்லாம் தலையைக் குத்தி, பின்பக்கத்தைத் தூக்கி, ஆபீசர் முகத்துக்கு நேரே நின்றன.

அவர் கூண்டைத் தட்டினார். பறந்து மறுபடி உட்கார்ந்தன. இன்னொரு தரம் தட்டினார். பிறகு, "மேலிடத்துக்குச் சொல்றேன்" என்றார். ஜன்னல் வழியாகக் கீழே பார்த்து, "கன்னியப்பா, வேலைக்குப் போ!" என்று கத்தினார். ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

கன்னியப்பன் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "பொழைச்சேன் சார், பொழைச்சேன் சார்" என்று அழுதார். மேனேஜர் எங்கள் மூன்று பேருக்கும் காபி கொண்டுவரச் சொன்னார். அதே காபிதான். அன்று அமிர்தமாக இருந்தது. கன்னியப்பன் ஓடிப்போய் அண்ணாமலையாருக்குத் தேங்காய் உடைத்துக்கொண்டு வந்தார்.

"பச்சையம்மாவுக்குப் போய் சொல்லணும் சார். அது ஊட்டு கொசுதானே என்னக் காப்பாத்துச்சி. இந்த மூடிய அதுக்குக் குடுக்கணும்."

சைக்கிளில் ஏறினோம். நான் தெற்கே திருப்பினேன். கன்னியப்பன் வடக்கே திருப்பினார்.

"வலமாப் போக வேண்டாமா?" என்றேன்.

"அதான் வேலை கெடச்சிடுச்சே சார். இப்படியே போவலாம், கிட்டம்."

சிரித்துக்கொண்டே போனோம். தூறல் போட்டது. அண்ணாமலையார் இடப்பக்கம் மேகத்துக்குள் இருந்தார். கொல்லைகளில் பிடுங்காத கடலை நனைந்துகொண்டிருந்தது.

வீட்டு வாசலுக்கு முன்பிருந்தே கன்னியப்பன் கத்த ஆரம்பித்துவிட்டார். "பச்சையம்மா! சாவல! உங்க ஊட்டு கொசு சாவவே இல்ல! நான் பொழைச்சேன்!"

பச்சையம்மா வெளியே வந்தாள். கையில் கம்பளி இருந்தது. தூறல் விழுந்ததும் கொடியில் காயப்போட்டதை எடுத்து உள்ளே கொண்டுபோகிறாள் போலிருக்கிறது.

"இன்னா சாவல?"

"கொசுதான். மருந்து அதுங்ககிட்ட பலிக்கல. தப்பு என்னுது இல்லன்னு ஆபீசரே ஒத்துக்கினாரு." தேங்காய் மூடியை நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. "அப்ப செவுத்துல அடிக்கிறீங்களே, அது?"

"முன்னெல்லாம் செத்துது. இப்ப சாவல."

அவள் என்னைப் பார்த்தாள். "வேற மருந்து இருக்குதா சார்?"

"வரும்" என்றேன். "மேலே சொல்லியிருக்கிறோம். அவர்கள் பார்த்து, வேறு மருந்து வரவழைத்து..."

"எப்ப வரும்?"

எனக்குத் தெரியவில்லை. அங்கே நின்றது வெட்கமாக இருந்தது. நான்கு நாளாக ஒரு கொசு பிழைத்ததற்கு அர்ச்சனையும் பூவும் காபியுமாகக் கொண்டாடிவிட்டு, அந்தச் சந்தோஷத்தை இந்த வீட்டுக்கே கொண்டுவந்து நீட்டுகிறோமே என்று அப்போதுதான் உறைத்தது. உள்ளே கட்டில் கடகடவென்று ஆடியது. ஏழுமலைக்குக் குளிர் ஏறிவிட்டது. பச்சையம்மா உள்ளே போய்க் கம்பளியைப் போர்த்தி, கைகளால் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடித்துவிட்டு, திரும்ப வாசலுக்கு வந்தாள்.

"மருந்துக்காரரே, அன்னிக்கு எல்லாம் செத்துதே, அதுக்கு மொளகா எத்தினி போட்டீங்க?"

கன்னியப்பன் தேங்காய் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அவள் கேலி செய்யவில்லை. சொன்னால் உள்ளே போய் எடுத்துவருவதற்காக நின்றுகொண்டிருந்தாள்.